பிந்திப் பூக்கும் வாசனை

மலர்களைப் பாடும் இலக்கியங்கள் பெரும்பாலும் கண்ணின் பக்கம் நின்றே பேசுகின்றன. நிறத்தையும் வடிவத்தையும் முதலிற் சொல்லி, வாசனையை ஓர் அடைமொழியாகப் பின்னாற் சேர்த்துவிடுவது கவிஞர்களின் வழக்கம். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிய ஒரு மலர் கிழக்காசியாவில் உண்டு. பார்த்தவர்களைவிட முகர்ந்தவர்களே அதைப் பற்றி அதிகம் எழுதினார்கள். அந்த மலரையும், இலையுதிர் காலத்தின் வாசலில் அது மனிதரிடம் கிளப்பிவிடும் உணர்வுகளையும் பற்றியே, நேயர்களே, இன்று பேச விரும்புகிறேன்.

சீனர் அதனைக் 'குய்ஹுவா' என்பர். ஜப்பானியர் 'மொக்குசேய்' என்பர். தாவரவியலார் இட்ட பெயர் 'ஒஸ்மந்தஸ் ஃபிராக்ரன்ஸ்'. 'ஒஸ்மந்தஸ்' என்பது மணம், மலர் என்ற பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. 1790-ஆம் ஆண்டு இப்பெயரைச் சூட்டியவர் லூரெய்ரோ என்ற போர்த்துக்கேயர். யேசு சபைத் துறவி. 'மணமலர்' என்று ஒருமுறை சொல்லியும் மனம் அமையாதவர் போல், 'ஃபிராக்ரன்ஸ்' என்று மீண்டும் ஒரு மணத்தைச் சேர்த்துக்கொண்டார். மணக்கின்ற மணமலர்! பெயரிலே கூறியது கூறல் என்னும் குற்றம் இருக்கிறது. அந்தச் செடியின் அருகே நின்றவர்கள் அதனை மன்னித்துவிடுவார்கள்.

பார்வைக்கு அது பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் பச்சை மாறாத பெருஞ்செடி. வெட்டாமல் விட்டால் சிறுமரமாகும். தடித்த கரும்பச்சை இலைகள். இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலைகளிற் கொத்துக் கொத்தாகப் பூக்கும் மலர் ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றர் அளவே வரும். நான்கு சிறு மடல்கள். நிறம் இனத்துக்கு இனம் வேறுபடும். வெண்மை, வெளிர்மஞ்சள், பொன்மஞ்சள், செம்மஞ்சள். இலைகளின் மறைவில் இருப்பதால் பத்தடி தள்ளி நிற்பவருக்குப் பூத்திருப்பதே தெரியாமற் போகலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சீனத்தின் பெரும் பெண்கவி லீ சிங்சாவ் இதைப் பற்றி ஒரு பாடலே எழுதினார். இளம்பச்சையும் கடுஞ்சிவப்பும் வேண்டியதில்லை, நிறமில்லாமலேயே இது முதல் வரிசை மலர் என்று வாதிடும் பாடல் அது. பழைய கவிஞர் இதனைத் தம் மலர்ப் பட்டியலிற் சேர்க்காமல் விட்டது ஏன் என்ற கோபமும் அதில் உண்டு. ஒரு மலருக்காக வழக்காட எழுந்த கவிதை என்று அதனைச் சொல்லலாம்.

நமக்கும் இம்மலருக்கும் ஓர் உறவு இருக்கிறது. மல்லிகையும் முல்லையும் எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ, அதே குடும்பத்தைச் சேர்ந்தது குய்ஹுவா. ஒலிவ மரமும் அக்குடும்பந்தான். இன்னொரு நெருங்கிய பெயரைச் சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். நம் கோயில் வீதிகளிலும் வீட்டு வளவுகளிலும் விடியற்காலையில் நிலத்தை நிறைத்துக் கிடக்கும் பவளமல்லிகையும் இதே குடும்பத்தது. வெள்ளை இதழும் செம்மஞ்சட் காம்புமாக இரவில் விரிந்து, சூரியன் வருமுன் உதிர்ந்துவிடும் பவளமல்லிகையை வங்காளிகள் 'சிவுலி' என்பார்கள். அங்கே அது மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் சரத் காலத்தின் மலர். சிவுலி மணந்தால் துர்க்கா பூசை நெருங்கிவிட்டது, தொலைவில் உள்ளவர்கள் ஊருக்கு வரப்போகிறார்கள் என்பது வங்காளத்தின் மனக்கணக்கு. மேற்கு வங்க மாநிலத்தின் மலரும் அதுவே. நிலத்தில் விழுந்த பூவைப் பூசைக்கு எடுப்பதில்லை என்ற விதிக்கு இம்மலர் ஒன்றுக்கே விலக்களித்திருக்கிறார்கள். 1753-இல் லின்னேயஸ் அதற்கு 'துயர மரம்' என்று பொருள்படும் இலத்தீன் பெயரைக் கொடுத்தார். காலையில் உதிர்ந்து நிற்பதைக் கண்டு இரங்கினார்கள் போலும். வங்காளிக்கு அந்த உதிர்வு துயரமன்று, திருவிழாவின் முதல் அறிவிப்பு என்பதை இலத்தீன் அறியவில்லை.

ஒரே உதிர்வு ஒருவருக்குத் துயரமாகவும் மற்றவருக்குத் திருநாளாகவும் இருப்பதைப் பாருங்கள். குய்ஹுவாவின் கதையிலும் இதுவே திரும்பத் திரும்ப வரும்.

முதலில் ஜப்பானுக்குப் போவோம். அங்கே மிகுதியாகக் காணப்படுவது செம்மஞ்சள் நிறப் பூவுடைய 'கின்மொக்குசேய்'. 'கின்' என்றால் பொன். 'மொக்குசேய்' என்ற எழுத்துகளின் பொருள் மரமும் காண்டாமிருகமும்! அடிமரத்தின் பட்டை காண்டாமிருகத் தோலைப் போலிருப்பதால் வந்த பெயராம். எடோ காலத்தில் சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இச்செடியில் ஆண் செடியே ஜப்பானிற் பரவியது. ஆகவே அங்கே அது காய்ப்பதில்லை. கொப்பை வெட்டி நட்டு, அதிலிருந்து இன்னொன்று வெட்டி நட்டு, அப்படியே நாடெங்கும் பெருக்கினார்கள். இதனால் ஒரு விநோதம் நிகழ்கிறது. ஒரே செடியின் பிரதிகள் போன்ற அவை யாவும், இரவுகள் குளிரத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே நாளில் விரிகின்றன. செப்டெம்பர் இறுதியில், அல்லது ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை, ஒரு நகரம் முழுவதும் ஒரே வாசனையோடு கண்விழிக்கிறது.

அந்தக் காலையில் தெருவிற் போகிறவர் முதலிற் செய்வது நிற்பதுதான். பிறகு சுற்றுமுற்றும் பார்ப்பார். பூ எதுவும் தென்படாது. மதிலுக்கு அப்பால், அடுத்த ஒழுங்கையில், ஒரு பாடசாலையின் வேலியோரத்தில் எங்கேயோ அந்தச் செடி நிற்கும். அந்த மணத்தைச் சொல்லால் விளக்குவது எளிதன்று. அப்ரிகொட் பழத்தின் இனிமை என்கிறார்கள்; பீச் பழம் என்கிறார்கள்; அடியில் மெல்லிய தேயிலை வாசம் என்பாரும் உண்டு. நம்மவருக்குச் சொல்வதானால், மல்லிகையின் மணத்திலிருந்து அதன் கூர்மையை எடுத்துவிட்டு நன்கு கனிந்த பழத்தின் வாசனையைச் சேர்த்தாற் போல என்று சொல்லிப் பார்க்கலாம். ஷிசுவோக்கா மாகாணத்து மிஷிமா ஆலயத்தில் வெளிர்மஞ்சட் பூவுடைய முதிய மொக்குசேய் ஒன்று நிற்கிறது. ஆயிரத்து இருநூறு வயது என்பது ஊர் வழக்கு. 1934-இல் இயற்கை நினைவுச் சின்னமாக அது அறிவிக்கப்பட்டது. அதன் மணம் எட்டுக் கிலோமீற்றர் வரை போகும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அளந்து பார்த்தவர் யாரோ!

கோடை விடுமுறை கழிந்து பாடசாலை மீண்டும் தொடங்கி, விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் ஓடிப் பழகும் காலம் அது. மாலை விரைந்து இருளத் தொடங்கும் காலமும் அதுவே. ஆகவே ஜப்பானியர் பலருக்கு இந்த மணம் சிறுவயதின் மாலைப்பொழுதோடு பிணைந்திருக்கிறது. இனிமை ஒரு பங்கு, காரணம் தெரியாத தனிமை ஒரு பங்கு. அதுவும் சில நாட்களுக்கே. ஒரு வாரம் நீடித்தால் பெரிது. நடுவில் ஒரு மழை வந்தால் அன்றே கதை முடிந்துவிடும். மறுநாள் செடியின் அடியில் செம்மஞ்சள் வட்டமாகப் பூக்கள் கிடக்கும். வாசனையால் தேடியும் கிடைக்காத செடியை உதிர்ந்த வட்டத்தைக் கொண்டு கண்டுபிடிப்பவர் அநேகர்.

இந்த அழகிய சித்திரத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கவிஞர்கள் இதைச் சொல்வதில்லை. குழி மலசலகூடங்கள் இருந்த நாட்களில், நாற்றத்தை மறைப்பதற்காகக் கின்மொக்குசேயை அவற்றின் அருகே நட்டு வைக்கும் வழக்கம் ஜப்பானில் இருந்தது. 1970-களில் மலசலகூட வாசனைப் பொருள்கள் கடைகளுக்கு வந்தபோது, உற்பத்தியாளர்கள் இந்த வாசனையையே செயற்கையாகச் செய்து அடைத்து விற்றார்கள். பலமான மணம், எல்லாரும் அறிந்த மணம். வியாபாரத்துக்கு வேறென்ன வேண்டும்? விளைவு விபரீதமாயிற்று. அக்காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, இலையுதிர் காலத்தின் முதற் காலையில் தெருவில் மிதந்து வரும் தெய்வ மணம் மலசலகூடத்தை நினைவூட்டத் தொடங்கியது! 1990-களில் நீர் பாய்ச்சும் கூடங்கள் பெருகி, லவென்டர் போன்ற மென்மையான மணங்கள் வழக்குக்கு வந்தபின், கின்மொக்குசேய் அந்தச் சிறையிலிருந்து மெல்ல விடுதலை பெற்றது. அதன்பின் பிறந்தவர்கள் அதே மணத்தை விலை கொடுத்து வாங்கிக் கழுத்திற் பூசிக்கொள்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே யன்னலால் வரும் ஒரே வாசனைக்குத் தாய் முகம் சுளிக்க மகள் கண்மூடி நிற்கலாம். மலரின் மூலக்கூறு எதுவும் மாறவில்லை. அது எந்த இடத்தில் முதன்முதலாக மூக்கை எட்டியது என்பது மட்டுமே மாறியது.

இது ஏன் நேர்கிறது என்பதற்கு விஞ்ஞானம் ஒரு விளக்கம் தருகிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் மூளையின் நடுவேயுள்ள தலாமஸ் என்ற பகுதியைக் கடந்தே மேலே போகின்றன. வாசனையின் செய்தி இந்த வாயிற்காவலைத் தாண்டவேண்டியதில்லை. அது உணர்ச்சியை ஆளும் அமிக்டலாவையும் நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸையும் குறுக்குவழியாக அடைந்துவிடுகிறது. அதனாற்றான் ஒரு மணம் இன்னதென்று பெயர் சொல்வதற்குள் நெஞ்சு கனத்துவிடுகிறது. பெயர் பின்னாலே வருகிறது; சில வேளை வராமலே போகிறது.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. இம்மலரின் மணத்தில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. பழ வாசனை தருவது காமா டெக்கலக்டோன்; மலர்த்தன்மை தருவது லினலூல். இவற்றோடு பீட்டா அயனோன் என்ற ஒன்று இருக்கிறது. கரட் கிழங்குக்கு நிறம் கொடுக்கும் கரோட்டீன் பூவிதழில் உடையும்போது பிறப்பது அது. நிறம் சிதைந்து மணமாகிறது என்று சொன்னால் கவிதை போலிருக்கும். இரசாயனமும் அதையேதான் சொல்கிறது. அயனோனுக்கு ஒரு குணம். சிறிது நேரம் முகர்ந்ததும் மூக்கு அதற்கு மரத்துவிடும். மணம் மறைந்துவிட்டது போல் தோன்றும். சற்று விலகி வந்தால் மீண்டும் வரும். தேடிப் போனால் ஒளிந்துகொள்கிறது, விட்டுவிட்டு நடந்தால் பின்தொடர்கிறது என்று குய்ஹுவாவைப் பற்றிச் சீனர் காலங்காலமாகச் சொல்லி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அது மட்டுமன்று, அயனோனை உணரும் ஆற்றல் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது என்றும், அதற்கு ஒரேயொரு மரபணுவிலுள்ள வேறுபாடே முதன்மைக் காரணம் என்றும் 2013-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆக, ஒரு செடியருகே நிற்கும் இருவர் ஒரே மணத்தை முகர்கிறார்கள் என்பதற்குங்கூட உத்தரவாதமில்லை. நம்மை மயக்கும் அந்தப் பழ மணம் முட்டைக்கோசு வண்ணத்துப்பூச்சியை விரட்டுகிறது என்பதையும் ஜப்பானிய ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். மலர் எவரை எண்ணி மணக்கிறதோ, அது நாமல்ல.

சீனத்தில் இம்மலருக்குப் பழைய வாழ்வு உண்டு. அங்கே அது முதலில் நிலவில் முளைத்தது. நிலவின் கறையை நாம் முயல் என்றோம், சீனர் முயலையும் கண்டார்கள், அருகே ஒரு குய் மரத்தையும் கண்டார்கள். வூ காங் என்றொருவன் ஏதோ பிழை செய்ததற்காக அந்த மரத்தை வெட்டிக்கொண்டேயிருக்கும்படி தண்டிக்கப்பட்டான் என்பது ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்த கதை. கோடரி விழும், காயம் உடனே மூடிக்கொள்ளும். அவன் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறான். எட்டாம் சந்திர மாதத்துப் பூரணை, அதாவது பெரும்பாலும் நமது புரட்டாதிப் பூரணை, சீனருக்கு நடு இலையுதிர் காலத் திருநாள். குடும்பம் கூடி நிலவைப் பார்த்திருக்கும் அந்த இரவில் கீழேயும் குய்ஹுவா மணக்கும். சிந்தும் மணம் நிலவிலிருந்து வருகிறதா, முற்றத்திலிருந்து வருகிறதா என்ற மயக்கத்துக்குக் கவிஞர்கள் எவ்வளவோ இடம் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் மாதத்துக்கே 'குய் மாதம்' என்று பெயர்.

இங்கே மொழிபெயர்ப்பாளர்களோடு எனக்குச் சிறு வழக்கு உண்டு. 'குய்' என்ற சீன எழுத்து இந்த மணமலரையும் குறிக்கும். நமது கறுவாவின் சீன உறவான காசியா மரத்தையும் குறிக்கும். மிகப் பழைய நூல்களில் எது எதைக் குறிக்கிறது என்பது அறிஞர் வாதத்துக்குரியது. ஆனால் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் பலர் யோசனையின்றி எல்லா இடத்திலும் 'காசியா' என்று எழுதி வைத்தார்கள். அதைப் படிக்கும் இலங்கை வாசகன் நிலவிலே ஒருவன் கறுவா வெட்டிக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்வான். வெட்ட வெட்டத் தளிர்ப்பது கறுவாவுக்கும் உள்ள குணந்தான் என்பதால் சந்தேகமும் வராது! ஆனால் பட்டை மணக்கும் மரமும் பூ மணக்கும் மரமும் ஒன்றல்ல. இலையுதிர் காலத்தின் ஏக்கத்தைச் சொல்லும் கவிதையில் கறிச்சட்டியின் வாசனை வந்துவிட்டால் கவிதை என்னாவது? புகழ்பெற்ற குய்லின் நகரின் பெயருக்குக் 'குய் மரக் காடு' என்று பொருள். இன்று அங்கே வீதியெங்கும் மணப்பது மலர்தான்.

எட்டாம் மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. மன்னராட்சிக் காலத்தில் மாகாண மட்டத்து அரசாங்கப் பரீட்சை அம்மாதத்திலேயே நடத்தப்பட்டது. வாழ்நாள் முழுவதும் படித்தவர்கள், நரைத்த தலையோடு ஐந்தாம் முறை ஆறாம் முறை எழுத வந்தவர்கள், எல்லாரும் சிறு அறைகளிற் குந்தியிருந்து எழுதிய நாட்களில் குய்ஹுவா பூத்திருந்தது. சித்தியெய்தியவர் 'நிலவு மாளிகையிற் குய் கொப்பை முறித்தவர்' எனப்பட்டார். பெறுபேற்றுப் பட்டியலுக்கும் 'குய் பட்டியல்' என்றே பெயர். சித்தியெய்தியவர் சிலர், எய்தாதவர் பல்லாயிரவர். அந்தப் பல்லாயிரவருக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே மணம் எதை நினைவூட்டியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஜப்பானின் வாசனைப் போத்தல்கள் செய்த அதே வேலையைச் சீனத்தின் பரீட்சை மண்டபங்கள் வேறு விதமாகச் செய்திருக்கின்றன.

மணத்தைப் பற்றிய கதைகளில் ஆழமானது ஸென் மரபிலே இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹுவாங் திங்ஜியான் பெருங்கவிஞர். எழுத்தணிக் கலையிலும் பெயர் பெற்றவர். அவர் ஹுய்தாங் என்ற துறவியிடம் போய், ஞானத்துக்குச் சுருக்கு வழி கேட்டார். 'உங்களிடம் நான் எதையும் ஒளிக்கவில்லை' என்ற பொருளிற் கொன்பூசியஸ் தம் மாணவருக்குச் சொன்னதை எடுத்துக்காட்டி, அதற்கு என்ன கருத்து என்று துறவி திருப்பிக் கேட்டார். கவிஞர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். இல்லை, இல்லை என்று துறவி தடுத்துவிட்டார். கவிஞருக்கு மனக்குழப்பம். பின்னொரு நாள் இருவரும் மலையில் நடந்துகொண்டிருந்தபோது குய்ஹுவா நிறையப் பூத்திருந்தது. மணம் வருகிறதா என்று துறவி கேட்டார். வருகிறது என்றார் கவிஞர். பார்த்தாயா, நான் எதையும் ஒளிக்கவில்லை என்றார் துறவி. அவ்வளவுதான் கதை. சொற்களையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, சொல்லுக்கு முன்னே வந்து சேரும் ஒன்றைக் காட்டுவதற்குத் தாமரையையோ நிலவையோ அவர் எடுக்கவில்லை. கண்ணாற் காணுமுன்னே வந்துவிடும் மணத்தை எடுத்தார். வேறெந்த மலராலும் இக்கதையை இவ்வளவு பொருத்தமாகச் சொல்லியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

நவீன இலக்கியத்தில் இம்மலரைத் தலைப்பாகவே வைத்தவர் யூ தாஃபூ. 1896-இல் ஹாங்சௌ நகருக்கு அருகே பிறந்து, ஜப்பானிற் படித்தவர். இளமையின் ஆசைகளையும் வெட்கங்களையும் ஒளிவின்றி எழுதியதால் கண்டனத்துக்கு உள்ளானவர். 1932-இல் அவர் எழுதிய 'பிந்திய குய்ஹுவா' என்ற கதை அவரது அமைதியான எழுத்து எனலாம். ஜப்பானில் உடன்படித்த நண்பனின் திருமணத்துக்காக ஹாங்சௌவின் மலைக்கிராமம் ஒன்றுக்குக் கதைசொல்லி போகிறான். எங்கும் குய்ஹுவாவின் மணம். மலைமேல் குளிர் வேறாதலால் அங்கே பூ பிந்தி மலர்ந்திருக்கிறது. நண்பனின் தங்கை ஓர் இளம் விதவை. அவளோடு மலையேறும்போது அவனுக்குள் ஆசை எழுகிறது. அவளுடைய வெள்ளை மனத்தின் முன் அது அடங்கிப்போகிறது. இருவரும் அண்ணன் தங்கையாக வாழ உறுதிகொள்கிறார்கள். பிந்திப் பூக்கும் குய்ஹுவா பிந்தியே உதிரும் என்ற எண்ணம் கதையில் ஓடுகிறது. காலந்தவறிய திருமணமும், காலந்தவறிய மனத்தெளிவும் குறைவானவையல்ல என்று அந்த மலரை வைத்து அவர் சொல்லிவிடுகிறார். யூ தாஃபூவுக்கோ பிந்திப் பூக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1938-இன் இறுதியிற் சிங்கப்பூருக்குப் போய்ப் பத்திரிகையாசிரியராக இருந்தார். 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது சுமாத்திராவுக்குத் தப்பி, பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். 1945 ஓகஸ்டில், போர் முடிந்த பிறகு, காணாமற் போனார். ஜப்பானிய இராணுவப் பொலிஸார் அவரைக் கொன்றனர் என்பதே பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவு. வயது 48.

பிந்துதல் இன்று வேறொரு பொருளும் பெற்றுவிட்டது. குளிர் வந்தாற்றான் மொட்டு விரியும் என்பதால், 2024-இல் கோடை வெப்பம் நீடித்தபோது ஹாங்சௌவின் குய்ஹுவா வழமையைவிட வெகுவாகப் பிந்தியே மலர்ந்தது.

1983 முதல் ஹாங்சௌவின் நகர மலர் குய்ஹுவாவே. நகரின் புறத்தே மான்ஜுவேலோங் என்ற பள்ளத்தாக்கு முழுவதும் அச்செடிகள். அங்கே நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சீ ஜுன் என்ற பெண் எழுத்தாளர் பதிந்திருக்கிறார். 1917-இல் வென்சௌ பகுதிக் கிராமமொன்றிற் பிறந்தவர் அவர். அவருடைய கட்டுரையின் பெயர் 'குய்ஹுவா மழை'. சூறாவளிக் காலம் நெருங்கும்போது, பூக்களைக் காற்றுக் கொண்டுபோய்விடுமே என்று தாய் கவலைப்படுவாராம். நிலத்திற் பாய் விரித்து, மரத்தைப் பிடித்து உலுக்குவார்கள். சிறுமி பூமழையில் நின்று கூத்தாடுவாள். சேர்த்த பூவைக் காயவைத்துத் தேநீருக்கும் பலகாரத்துக்கும் வைத்துக்கொள்வார்கள்; அயல்வீடுகளுக்கும் ஒரு பங்கு போகும். ஊரே அந்த மணத்தில் ஊறிக் கிடக்கும்.

பிறகு குடும்பம் ஹாங்சௌவுக்குக் குடிபெயர்ந்தது. பாடசாலை மாணவியான அவர் மான்ஜுவேலோங்குக்குச் சுற்றுலா போனார். நாடறிந்த இடம், கிராமத்து முற்றத்து மரங்களோடு ஒப்பிட முடியாத அளவு பூ. ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்து தாயிடம் கொடுத்தார். தாய் முகர்ந்து பார்த்தார். இங்கத்தைப் பூ எவ்வளவு மணத்தாலும் எங்கள் வீட்டு முற்றத்து மரத்துக்கு ஈடாகாது என்றார்.

இதை வெறும் ஊர்ப்பற்று என்று ஒதுக்குவது சுலபம். நகரத்தின் பூவுக்கு மணம் குறைவு என்று தாய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மணக்கிறது என்று ஒப்புக்கொண்ட பின்பே ஈடாகாது என்கிறார். பாய் விரித்த முற்றம், உலுக்கிய கைகள், பங்குபோட்ட அயல்வீடுகள் இவையெல்லாம் இல்லாமல் வந்த மணம் அது. கொப்பை வெட்டி நட்டு மரத்தைக் கடல் கடத்தலாம். ஜப்பானியர் செய்து காட்டினார்கள். முற்றத்தை அப்படிக் கடத்த வழியில்லை. ஊரைவிட்டு வந்து வேறூரில் மல்லிகைப் பந்தல் போட்ட நம்மவர் வீடுகளில் இதே பேச்சை நான் கேட்டிருக்கிறேன்; பந்தல் நன்றாகத்தான் பூத்திருந்தது.

சீ ஜுன் 1949-இல் தாய்வானுக்குப் போனார். ஊரைப் பற்றிய அவர் எழுத்துகள் பெரும்பாலும் அங்கிருந்து எழுதப்பட்டவை. பின்னர் நெடுங்காலம் அமெரிக்காவில் வாழ்ந்தார். 'குய்ஹுவா மழை' இன்று சீன ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் பாடநூலில் இருக்கிறது. அவர் பிறந்த ஊர்ப் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள். 2001-இல், அரை நூற்றாண்டுக்குப் பின், எண்பது கடந்த வயதில் அவர் ஒருமுறை அந்த ஊருக்கு வந்து போனார். 2006-இல் தாய்வானிற் காலமானார்.